தொட்டி வந்துவிட்டது

போன வாரம் திருப்பதியில் ஒரு பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மீன் பார்த்தேன். நிஜ மீன் இல்லை. சுவரில் மாட்டிய பெரிய டிவியில் ஓடுகிற மீன். நீலத் தண்ணீர், பவளப்பாறை, அதன் நடுவே ஒரு மஞ்சள் மீன். அது வலது மூலையிலிருந்து வந்து, நடுவில் திரும்பி, நம்மைப் பார்த்து வாயைத் திறந்து மூடிவிட்டு மேலே போகும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு மஞ்சள் மீன் அதே மூலையிலிருந்து வந்து அதே இடத்தில் வாயைத் திறந்தது. அப்புறம் இன்னொன்று. எல்லாம் ஒரே குடும்பம் போலிருக்கிறது, என்ன சாயல் பார் என்று பக்கத்திலிருந்த வேதவல்லியிடம் வியந்து சொன்னேன்.

வேதவல்லி என் மனைவி. என்னை அறுபது வருஷத்துக்கு மேலாகச் சகித்துக்கொண்டு வருகிறவள். டிவியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒரே மீனுதாங்க. திருப்பித் திருப்பிப் போட்டுக்கினு கீறாங்க. மீனு வளர்த்தவராம், பேரு மட்டும் பெருசு."

அதற்குள் முன்மேஜைப் பெண் எங்களைக் கூப்பிட்டு, பிள்ளைகள் யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று தெலுங்கில் கேட்டாள். பல்லைப் பிடுங்குவதற்குக்கூட இப்போது ஒரு பொறுப்பான ஆள் வேண்டியிருக்கிறது. "லேதம்மா, மேமித்தரமே" என்றாள் வேதவல்லி. இல்லையம்மா, நாங்கள் இரண்டு பேர்தான். அதைச் சொல்லி அவளுக்குப் பழக்கம். எந்த ஆபீசில், எந்த ஆஸ்பத்திரியில் கேட்டாலும் அதே குரலில் சொல்வாள்.

அந்த அறையில் கிராம்புத் தைல வாசனைதான் இருந்தது. மீன் இருக்கிற இடத்தில் மீனின் வாசனை இல்லாமல் இருந்ததுதான் எனக்குச் சரிப்படவில்லை. மீன் என்றால் ஈரமணல் வாசனை, பாசி வாசனை, இதற்கெல்லாம் மேலே, லப்பத்தின் வாசனை. லப்பம் தெரியும் இல்லையா? சுண்ணாம்புத் தூளை எண்ணெய் விட்டுப் பிசைந்து, சட்டத்தில் கண்ணாடியைப் பதிக்க வைப்பார்களே, அது. இப்போது சிலிகான் வந்துவிட்டது. ஒரு குழாயைப் பிதுக்கினால் கண்ணாடியும் கண்ணாடியும் ஒட்டிக்கொள்கின்றன. அந்தக் காலத்தில் இரும்புச் சட்டமும் லப்பமும்தான். கையில் ஒட்டினால் நாலு நாளைக்குச் சோற்றில் அந்த வாசனை வரும்.

எங்கள் தொட்டியைச் செய்தவர் சித்தூர் கடைத்தெருவில் ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்கிற ஓர் ஆசாரி. தெலுங்குக்காரர். வீட்டில் வைத்து மீன் வளர்ப்பது என்கிற காரியத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. நானும் அப்போது தெலுங்கில் அளவுகளைச் சொல்லும் அளவுக்குத் தேறவில்லை. கையை விரித்துக் காட்டினேன், நான்கு பக்கமும் கண்ணாடி என்றேன். அவர் தலையாட்டினார். போய்ப் பார்த்தால் அழகான கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து, முன்பக்கம் கீல் வைத்து, கொக்கி வைத்து, ஒரு கதவும் மாட்டியிருந்தார். மிட்டாய்க் கடைக்கு என்று நினைத்துவிட்டாராம். கதவைத் திறந்து மூடிக் காட்டி, மைசூர்பாகை எங்கே அடுக்கலாம் என்றும் சொன்னார். மீனுக்குக் கதவு எதற்கு என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. கதவைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடியை அழுத்திப் பதித்து, "லப்பம் ஆரிதே காரது சார்" என்று அனுப்பி வைத்தார். காய்ந்தால் ஒழுகாதாம். ஒழுகியது. முதல் தடவை தண்ணீர் நிரப்பியபோது பாதி தொட்டியிலும் பாதி தரையிலும் இருந்தது. நான் லப்பத்தை உருட்டி உருட்டி அடைத்து அதை ஒரு வழிக்குக் கொண்டுவந்தேன்.

இவ்வளவு பாடுபட்டு மீன் வளர்க்க வேண்டிய அவசியம் எனக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் உத்தியோகத்தைச் சொன்னால் இன்னும் சிரிப்பீர்கள். நான் மலேரியா ஒழிப்பில் வேலை பார்த்தேன். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு நீளக் கரண்டியோடு, வீடு வீடாகப் போய்த் தொட்டி, பானை, அண்டா எல்லாவற்றிலும் தண்ணீரை முகந்து கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அந்த வீட்டுக்காரரை நிறுத்தி வைத்து ஒரு பிரசங்கம். தண்ணீரைத் தேங்க விடாதீர்கள், பானையைக் கவிழ்த்து வையுங்கள். சித்தூரிலிருந்து பலமனேர் வரைக்கும் நான் கவிழ்த்த பானைகளுக்குக் கணக்கில்லை.

அப்படிப்பட்டவன் வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தடியில், ஈரச்சாக்கு போட்டு மூடிய ஒரு பெரிய பானை இருந்தது. அதில் நான் கொசுப்புழு வளர்த்தேன். மீனுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. காலையில் டீ வடிகட்டியால் வடித்துத் தொட்டியில் போட்டுவிட்டு, அதே கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு, ஊரிலுள்ள புழுக்களை ஒழிக்கக் கிளம்புவேன். பலமனேர் கேம்ப் போய் நான்கு நாள் தங்கிவிட்டால், வடிக்க ஆளில்லாமல் எல்லாம் இறக்கை முளைத்துப் பறந்துவிடும். மலேரியா சார் வீட்டுப் பக்கம்தான் கொசு ஜாஸ்தி என்று தெருவில் பேச்சு. எனக்கு முன்னால் மட்டும் யாரும் சொல்லவில்லை. உத்தியோகத்துக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

மீன் எனக்கு வந்து சேர்ந்ததும் உத்தியோகத்தால்தான். கிணறுகளில் விட, கொசுப்புழு தின்னும் சின்னச் சாம்பல் நிற மீன்களைத் தகர டின்னில் கொடுத்து அனுப்புவார்கள். கம்பூசியா என்று பெயர். கங்காதர நெல்லூர் பக்கம் ஒரு கிணற்றில் விட்டபோது ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கொயம்புக்கு ஆவுமா?" என்று கேட்டார். ஆகாது என்றதும் சர்க்காருக்கு வேறு வேலையே இல்லையா என்கிற மாதிரி நடந்துவிட்டார். டின்னின் அடியில் தங்கிய சில மீன்களை நான் வாளியில் போட்டு வீட்டில் வைத்தேன். அழகு என்று சொல்ல அவற்றில் ஒன்றுமே இல்லை. ஆனால் வேலையிலிருந்து வந்து கை கால் கழுவியதும் வாளிக்கு முன்னால் குந்திவிடுவேன். அப்புறம் ஆசை ஏறி, மதராஸ் போனபோது மூர் மார்க்கெட்டில் ஒரு ஜோடி தங்கமீன் வாங்கினேன். பளபளவென்று விளக்கிய பித்தளைத் தூக்கில் போட்டு எடுத்து வந்தேன். காட்பாடியில் வண்டி மாறும்போது மூடியைத் திறந்து பார்த்தால் இரண்டும் மல்லாந்து கிடந்தன. மீனுக்குப் பித்தளை ஆகாது என்பது வண்டியில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த தடவை கண்ணாடி ஜாடி. அந்த ஜோடி பிழைத்தது.

காற்றுக்கு மோட்டார் எல்லாம் ஏது அப்போது. பழைய லாரி டியூப் ஒன்று வாங்கி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, அதன் வாயில் ஒரு மெல்லிய ரப்பர் குழாயைச் செருகி, குழாயைக் கிளிப்பால் நெரித்துத் தண்ணீருக்குள் விட்டால், பொட்டுப் பொட்டாகக் குமிழ் வரும். காலையிலும் சாயங்காலமும் அடிக்க வேண்டும். என் தோள் அப்போது பயில்வான் தோள் மாதிரி இருந்தது. வேதவல்லி அதை நம்புவதில்லை.

இனி அவள் விஷயத்துக்கு வருகிறேன். வேதவல்லியின் தாய்வீடு திருத்தணிக்குப் பக்கம். என் அப்பா அம்மா வீடு நகரிக்குப் பக்கத்தில், கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். உத்தியோகத்துக்காக நாங்கள் இரண்டு பேரும் சித்தூரில் இருந்தோம். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஓடியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. என் அம்மா பொறுத்துப் பார்த்தாள், அப்புறம் பொறுக்கவில்லை. அவள் தம்பிக்கு ஒரு பெண் இருந்தாள். அவளை எனக்குக் கட்டிவைக்கும் பேச்சு முதலில் அடுப்படியில் நடந்தது, அப்புறம் கூடத்தில் நடந்தது, கடைசியில் வேதவல்லி இருக்கும்போதே நடந்தது. "அவ கொஞ்ச நாளு அவங்க ஊட்ல இருந்துட்டு வரட்டும்" என்றாள் அம்மா. 'கொஞ்ச நாளு' என்பதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். வேதவல்லி துணியை மடித்து வைத்துக்கொண்டு போனாள். நான் என்ன செய்தேன் என்றால், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் அவள் பையைத் தூக்கிக் கொடுத்தேன். அம்மா எதிரில் வாயைத் திறக்கும் வித்தை எனக்கு இந்த வயது வரைக்கும் கைவரவில்லை. அந்த மஞ்சள் மீனாவது வாயைத் திறந்து மூடியது.

பஸ் கிளம்பும்போது அவள் ஜன்னல் வழியாக ஒன்றுதான் சொன்னாள். "தொட்டி வந்தா சொல்லி அனுப்புங்க. ஜன்னலாண்ட வெய்யுங்க, வெளிச்சம் வரும்."

தொட்டி வந்தது, ஒழுகியது, அடைத்தேன், ஜன்னலருகே வைத்தேன். அவள் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் எனக்கும் இரண்டு தங்கமீனுக்கும் சில சாம்பல் மீனுக்கும் பேச விஷயம் தீர்ந்துவிட்டது. சித்தூரிலிருந்து புத்தூர், நகரி வழியாகத் திருத்தணி போகிற பஸ்ஸில் முனிரத்தினம் என்று ஒரு கண்டக்டர். அந்தத் தடத்தில் தந்தி, தபால், கல்யாணச் சேதி, சாவுச் சேதி எல்லாம் அவர் வாய்தான். அவரிடம் சொன்னேன்: "எங்க மாமனார் ஊட்ல சொல்லிடுப்பா. தொட்டி வந்துட்டுது, கெளம்பி வரச் சொல்லு."

இங்கே ஒரு விஷயம். எங்கள் பக்கத்துப் பேச்சில் தொட்டி என்றால் தண்ணீர்த் தொட்டியும் உண்டு, பிள்ளையைப் போட்டு ஆட்டுகிற தொட்டிலும் உண்டு. வாயில் 'ல்' நிற்காது. இரண்டும் தொட்டிதான். இடத்தைப் பார்த்து எது என்று புரிந்துகொள்ள வேண்டியது.

முனிரத்தினத்தின் பஸ் திருத்தணிக்கு முன்னால் எங்கள் ஊர் ரோட்டோரம் நிற்கும். அங்கே டீக்கடையில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டிருக்கிறார். "அவருக்கு இன்னா நைனா, தொட்டி வாங்கிட்டு கீறாரு. பொண்டாட்டிய வரச் சொல்லிச் சேதி எட்த்துக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டு விசில் ஊதிவிட்டார்.

நைனா டீயை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். அம்மா கணக்குப் போட்டாள். மருமகள் தாய்வீட்டில் இருக்கிறாள். மகன் தொட்டில் வாங்கியிருக்கிறான். அப்படியென்றால் அவள் முழுகாமல் இருக்கிறாள், மாமியாருக்குச் சொல்லாமல் புருஷனுக்கு மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். சந்தோஷம் ஒரு பக்கம். ஆனால் அதைவிடப் பெரிய பயம் இன்னொரு பக்கம். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் வீட்டில் தொட்டில் வாங்கி வைப்பது எங்களில் ஆகவே ஆகாது. வெறும் தொட்டில் வீட்டில் இருக்கக்கூடாது. விவரம் தெரியாத முட்டாள் மகன் வாங்கி வைத்திருக்கிறான், உடனே போய் அதை அப்புறப்படுத்த வேண்டும். அம்மா மறுநாள் காலையில் நைனாவோடு பஸ் ஏறினாள். சித்தூருக்கு இல்லை, முதலில் திருத்தணிக்கு. மருமகளை அழைத்துக்கொண்டு போக.

அங்கே நடந்ததை எனக்கு நைனாதான் அப்புறம் சொன்னார். அம்மா போகிற வழியிலேயே கண்ணாடி வளையல் வாங்கி, வேதவல்லியின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் அடுக்கிவிட்டாளாம். வேதவல்லி, "அப்பிடியெல்லாம் ஒன்னுமில்ல அத்தே" என்றாளாம். அம்மா சிரித்தாளாம். மூன்று மாதம் ஆகும்வரை யாரும் ஆமாம் என்று சொல்லக்கூடாது, கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். அதனால் வேதவல்லி ஒவ்வொரு தடவை இல்லை என்றபோதும் அம்மாவுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. அன்று ராத்திரி அங்கேயே தங்கி, அவளுக்குச் சோறு ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டாளாம்.

மறுநாள் மூன்று பேரும் முனிரத்தினத்தின் பஸ்ஸில் சித்தூருக்குக் கிளம்பினார்கள். முன் சீட்டு. பஸ்ஸுக்கே விஷயம் தெரியும். டிரைவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் நிறுத்தி, பார்த்து, இறக்கி ஏற்றினாராம். கார்வேட்டி நகரத்தைத் தாண்டுவதற்குள் பின்னால் கிளம்பிய மாட்டு வண்டி முந்திவிட்டது என்பார் நைனா. அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிறவர்தான்.

நான் அப்போது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து லாரி டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் அம்மாவின் குரல்.

"எங்கடா தொட்டி?"

வேதவல்லியோடு அம்மாவே வந்திருக்கிறாள், அதுவும் தொட்டியைப் பார்க்க! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "வாம்மா, உள்ள வா" என்றேன். அம்மா வாசற்படியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"பொறக்கறதுக்கு மின்ன ஊட்ல தொட்டி வெப்பானாடா எவனாவது? அறிவு கீதா உனுக்கு? எட்த்து வெளிய வைடா மொதல்ல!"

சாம்பல் மீன்களில் ஒன்று அந்த வாரம் வயிறு பெருத்துத் திரிந்துகொண்டிருந்தது. கம்பூசியா முட்டையிடாது, குட்டி போடும். முனிரத்தினம் அதையும் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் அவரிடம் அதைச் சொல்லவே இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"ஒன்னும் ஆவாதும்மா. வயிறு பெருசாயிட்டுது. இன்னும் ரெண்டு மூணு நாள்ல போட்டுடும்."

அம்மா சட்டென்று திரும்பி வேதவல்லியின் வயிற்றைப் பார்த்தாள்.

"ரெண்டு நாள்லயாடா?"

"ஆமா. ஒரு தபாக்கு இருவது முப்பது போடும்."

நைனா அதற்குள் உள்ளே எட்டி, ஜன்னலருகே இருந்ததைப் பார்த்துவிட்டார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா மெல்ல உள்ளே வந்தாள். கண்ணாடிக்குள் தங்கமீன்கள் வந்து அவளைப் பார்த்தன. அவளும் பார்த்தாள். "மீனா?" என்றாள். குனிந்து பார்த்து, "மீனு தொட்டியா?" என்றாள். பிறகு சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேதவல்லி இன்னும் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இரண்டு கையின் வளையல்களையும் மூடிக்கொள்ளப் பார்த்தாள். அத்தனை வளையல், தலைப்பு போதவில்லை.

அம்மா இப்போது எழுந்தால் நேராகத் தம்பி வீட்டுக்குத்தான் போவாள் என்று எனக்குத் தெரியும். அவள் தோற்றதற்கும் சேர்த்து வேதவல்லி மேல் கோபம் திரும்பும். இப்படிப்பட்ட சமயத்தில் ஒரு புருஷன் எழுந்து நின்று சொல்ல வேண்டிய வார்த்தைகள் எத்தனையோ இருக்கின்றன. நான் பம்பை எடுத்து டியூபுக்கு இன்னும் கொஞ்சம் காற்றடித்தேன்.

ரொம்ப நேரம் கழித்து அம்மா வாயைத் திறந்தாள். என்னோடு பேசவில்லை.

"வளையல எதுக்குடி மூடிக்கிற?"

வேதவல்லி பிடித்திருந்த தலைப்பை விட்டாள்.

"நீ இல்லன்னுதான் சொன்ன. எத்தினி வாட்டி சொன்ன. நாந்தான் கேக்கல." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போட்டது போட்டதுதான். கயட்டாத. உள்ள வா, பஸ்ஸுல வந்தது கண்ணு எரியுது. ஒலை வெய்யி, துன்னுட்டு மத்ததப் பாக்கலாம்."

வேதவல்லி உள்ளே வந்தாள். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு அன்றைக்கு இது புரியவே இல்லை. அம்மா ஏன் கத்தவில்லை? பிறகு யோசித்துப் பார்த்தேன். இரண்டு நாள் ஒரு பெண்ணை மகளாகப் பார்த்துவிட்டாள், தலை வாரிவிட்டாள், ஜன்னலோரம் உட்கார வைத்தாள். தப்பாகப் புரிந்துகொண்டு செய்ததானாலும் செய்தது செய்ததுதான். அதை மறுபடி கழற்ற அவளால் முடியவில்லை.

மத்ததைப் பார்க்கவே இல்லை. அம்மா குட்டி போடும் மீனைப் பார்க்காமல் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். போட்டது. கண்ணும் வாலுமாக, அரிசி நொய் மாதிரி. தங்கமீன்கள் ஓடி வந்து அவற்றை விழுங்க ஆரம்பித்தன. "அடப்பாவி, தங்க வேஷம் போட்டுக்கினு துன்றான் பாரு!" என்று அம்மா என் டீ வடிகட்டியைப் பிடுங்கி, மாமியாரும் மருமகளுமாகக் குட்டிகளை வடித்து வடித்து ஒரு சட்டியில் விட்டார்கள். சட்டிக்கு அவர்கள் எடுத்த தண்ணீர் என் கொசுப்புழுப் பானையிலிருந்து. எப்படியோ அவை பிழைத்தன.

ஊருக்குப் போனதும் அம்மாவைச் சும்மா விடுவார்களா? தொட்டியில் பிள்ளை எப்போ என்று கேட்டிருக்கிறார்கள். "எண்ணி மாளலடி" என்றாளாம் அம்மா. தம்பி வந்து கல்யாணப் பேச்சை எடுத்தபோது, "எம் மருமவ ஊட்ல தொட்டி ரொம்பிக் கீது. இன்னொருத்தி எதுக்கு?" என்று முடித்துவிட்டாளாம். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ளச் சொல்லி அம்மா கேட்கவுமில்லை.

குழந்தை எங்களுக்குக் கடைசி வரைக்கும் பிறக்கவில்லை. அது ஒரு வலிதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

அந்தத் தொட்டியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவுக்கு டி.டி.டி. அடிக்கும் முறை வந்தது. அடித்தவர்கள் என் ஆட்கள். அடிக்கச் சொன்னவன் நான். எல்லா வீட்டிலும் பண்டபாத்திரத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, என் வீட்டில் தொட்டி மேல் ஈரச்சாக்கையும் போட்டேன். லாரி டியூபை மட்டும் மறந்துவிட்டேன். டியூபைச் சுற்றி மருந்து படிந்து, மறுநாள் நான் அதையே தொட்டுத் துடைத்துக் காற்றடித்து, அந்தக் கையைத் தொட்டிக்குள்ளும் விட்டேன். கொசு பிழைத்தது. மீன்கள் போயின.

ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் எல்லைத் தீர்வும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராவில் நின்றோம். "எங்க ஊடு ஒரு ராஜ்ஜியம், உங்க ஊடு ஒரு ராஜ்ஜியம்" என்று வேதவல்லி சொல்வாள். முனிரத்தினத்தின் பஸ் கொஞ்ச காலம் நகரியோடு திரும்பியது. அதற்கப்புறம் சேதி எல்லாம் தபாலில்தான். தபாலில் 'ல்' நிற்கும், தப்பு வராது.

பின்னால் நான் திருப்பதிக்கு மாறினேன், மீன் உலகமும் மாறியது. கரண்டில் ஓடும் காற்று மோட்டார் வந்தது, என் தோள் இளைத்தது. பாலிதீன் பையில் காற்றடைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார்கள், பித்தளைத் தூக்கில் யாரும் மீனைக் கொல்ல வேண்டியிருக்கவில்லை. வாயைத் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலை வந்தது. நெற்றி புடைத்த மீன் வந்தது, அதை வாஸ்துவுக்கு வாங்கி ஹாலில் வைத்துவிட்டு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வருகிற கெடுதலை அது தன் மேல் வாங்கிக்கொள்ளுமாம். பாவம். தீனி டப்பாவில் வந்தது. நானும் ஒன்றிரண்டு தொட்டிகள் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒழுகவில்லை. எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. கண்ணில் புரை வந்ததும் விட்டுவிட்டேன். இப்போது அந்தக் கடைகளிலும் பாதி மூடிக்கிடக்கின்றன. தண்ணீர் மாற்ற யாருக்கும் நேரமில்லை. டிவியிலேயே விட்டுவிட்டால் தீனியும் வேண்டாம்.

பல் வைத்தியரிடமிருந்து திரும்பும் வழியில், திறந்திருந்த ஒரு கடையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். வாயில் பஞ்சு. ஒரு பக்கம் மரத்துப்போயிருந்தது. "தொட்டி கீதாப்பா?" என்று கேட்டேன். கடைக்காரர் நல்ல தமிழ்க்காரர்தான், நகரிப் பக்கமாம். அவருக்குப் புரியவில்லை. "டேங்கா சார்? அக்வேரியமா?" என்றார். நான் திரும்பி வந்து ஆட்டோவில் உட்கார்ந்தேன். வாங்கி என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆட்டோ கிளம்பிய பிறகு, இத்தனை வருஷமாகக் கேட்காத ஒன்றை வேதவல்லியிடம் கேட்டேன். "தொட்டின்னா மீனு தொட்டின்னு உனுக்கு அப்பவே தெரியுமே. அம்மாகிட்ட சொல்லியிருந்தா ஒரே வார்த்தையில முடிஞ்சிருக்குமே?"

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். உங்கம்மா அப்ப எனக்குத் தல வாரிக்கினு இருந்தாங்க. சொன்னா சீப்பு நின்னுடுமேன்னு சொல்லல."

என் வாயில் பஞ்சு இருந்தது. இல்லாவிட்டாலும் நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போதென்றால் தொட்டி வந்ததும் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பியிருப்பேன். நைனாவுக்கும் போயிருக்கும், அம்மாவுக்கும் போயிருக்கும். அது மீன் தொட்டி என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். யாரும் எதையும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள். அம்மா திருத்தணிக்கு பஸ் ஏறியிருக்க மாட்டாள். அந்தச் சீப்பு வேதவல்லியின் தலைக்கு வந்தே இருக்காது.